கொக்கியில் தொங்கிய கறுப்பு சைக்கிள்

எங்கள் வீட்டில் இரண்டாவது படுக்கையறைக்கு சைக்கிள் ரூம் என்று பெயர். மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் வீடு. அந்த அறையில் ஐந்து சைக்கிள்கள் தரையில் நின்றன, ஆறாவது சீலிங் கொக்கியில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை சைக்கிள் எதுக்கு சார், கடை வைக்கப் போறீங்களா?" என்பார்கள். ஆமாம், வாடகை சைக்கிள் கடை, ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கிறீங்களா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அங்கேயும் என்னைப் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை.

என் மனைவிக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது, அந்த அறையைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் எங்களிடம் வழக்கம். ஆனால் மாமியார் கல்யாணமாகி வந்த நாள் முதல் இருந்த சாந்தோம் குடியிருப்பை பில்டரிடம் கொடுத்து இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடம் எழும்பும்வரை அவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு அங்கே ஆள் திரும்ப இடமில்லை. அதனால் தாய்வீடு எங்கள் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று. மாமியார் வந்து தங்கி, தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஓர் அறை வேண்டும். எங்களிடம் இருந்தது அந்த ஓர் அறைதான்.

சொல்லப் போனால் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. குழந்தை வருகிறது, சைக்கிள்கள் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து, பழைய சாமான் விற்கிற ஒரு செயலியில் போட்டோம். போனில் பேசினால் நான் எரிந்து விழுவேன் என்பதால் மனைவியின் நம்பரைக் கொடுத்தோம். போனை அவள் பார்த்துக்கொள்வாள், நேரில் வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஏற்பாடு.

வாரங்கள் போயின. ஒரு சைக்கிளும் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் வீடுகளில் பிறக்காத பிள்ளைக்கு எதையும் வாங்க மாட்டார்கள். சட்டை கிடையாது, பொம்மை கிடையாது, தொட்டில் கிடையவே கிடையாது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, வெந்நீரில் அலசி, மடித்து வைத்திருப்பார்கள். அதைக்கூட வேட்டி என்றுதான் சொல்வார்களே தவிர, பிள்ளைத்துணி என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். தினம் செபமாலை சொல்கிற குடும்பங்கள்தான், ஆனால் இதையும் விட மாட்டார்கள். எனக்கு இதெல்லாம் பிடிக்காது. வேதியியல் வாத்தியார் இதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் பையன்கள் சிரிக்க மாட்டார்களா?

மூன்று வருடங்களுக்கு முன்னால், என் மனைவி முதல் தடவை உண்டானபோது, நான்காம் மாதமே நான் வேலையில் இறங்கிவிட்டேன். அப்போது என்னிடம் நாலு சைக்கிள்கள் இருந்தன. கல்லூரி நாளிலிருந்து சேர்த்தவை, உயிருக்கு உயிராக வைத்திருந்தவை. சிரித்துக்கொண்டே நான்கையும் கொடுத்தேன், ஒருவரிடமும் பேரம் பேசவில்லை. அறைக்கு வெளிர் மஞ்சள் அடித்தேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தூளி கட்டுவதற்காக சீலிங்கில் துளை போட்டு ஓர் இரும்புக் கொக்கியை இறக்கினேன். அது தாங்குமா என்று நானே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். மாமியார் வந்து அண்ணாந்து பார்த்தார். "மாதாவே" என்றார். அப்படியே சமையலறைக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. யார் என்ன செய்ததாலும் இல்லை, சில சமயம் இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் முழுசாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் அந்த அறை இருந்தது. சுத்தமாகப் பெருக்கி, பெயிண்ட் வாசனையோடு, நடுவில் கொக்கியோடு அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினோம். சாத்திய பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டோம்.

அந்த வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போவார்கள். மனைவி காலையிலேயே குளித்து, புடவை கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் சாமந்திச் சரம் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதை எங்கே கொண்டு போவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் மாதத்துப் பிள்ளைக்குப் பெயர் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, கல்லறையும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பஸ் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறி, வடபழனியில் இறங்கினேன். டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பழைய கறுப்பு சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கேரியர் வைத்த கனமான வண்டி. ஏன் வாங்கினாய் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வாங்கினேன். அங்கேயிருந்து மந்தைவெளிவரை மிதித்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாடியும் தோளில் தூக்கி ஏற்றினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் மனைவி எழுந்தாள். நேராகப் போய் அந்த அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டினேன். சைக்கிள் செங்குத்தாகத் தொங்கியது, பின்சக்கரம் என் முழங்கால் உயரத்தில் நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் சாப்பிட வா என்றாள். மேஜையில் இருந்த சாமந்தி அங்கேயே வாடியது. இரண்டு நாள் கழித்து நான்தான் எடுத்துப் போட்டேன்.

மற்றவை அதற்குப் பிறகு வந்தன. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள், பச்சை லேடீஸ் சைக்கிள், மடக்கி வைக்கிற ஒன்று, கியர் வைத்த ஒன்று, நான் தினம் பள்ளிக்கு ஓட்டுகிற சாம்பல் நிற வண்டி. மனுஷனுக்கு சைக்கிள் பைத்தியம் திரும்பிவிட்டது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நானும் ஆமாம் என்றேன். அறையில் ஒரு மூலை காலியாகத் தெரிந்தால் ஒரு சைக்கிள் வாங்கினேன். அதுதான் நடந்தது.

அதனால், இரண்டாவது தடவை, விற்கிறேன் என்று போட்டோவெல்லாம் போட்டுவிட்டு, வந்தவர்களிடம் நான் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். பச்சை சைக்கிளைப் பார்க்க தி. நகரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நல்ல மாதிரியான அம்மா, ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய் வந்து நின்றார். முன் பிரேக் நம்ப முடியாது, போக் ரோடு டிராஃபிக்கில் ஆபத்து என்றேன். பிரேக் கட்டை போன வாரம் நானே மாற்றியது. ரேஸ் சைக்கிளுக்கு வந்தவரிடம் உங்கள் உயரம் இதற்குப் போதாது என்றேன். அவர் என்னைவிட உயரம். அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது மனைவி ஹாலிலிருந்து கேட்டாள்.

"நீ விக்கிறியா, வெரட்டுறியா?"

"சாமானைப் பத்தி உள்ளதைச் சொன்னேன்."

"நல்லா சொன்ன" என்றாள். மேற்கொண்டு அவள் ஒன்றும் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

ஆக, தடையாக நிற்கிறவன் நான்தான் என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஒவ்வொரு தடவையும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேனில் இதயம் அடிப்பதை நானே கேட்டேன். அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தள்ளிவிடுவது என்று நினைத்துக்கொண்டு வருவேன். அறைக்குள் போய் நின்றால் கை எழும்பாது. பயம். வேறு பெயர் எதற்கு? போன தடவை நான் தொட்டில் எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் வாங்கி வைத்ததுபோல அந்தக் காலி அறை எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இன்னொரு தடவை அப்படி ஒரு அறையை நானே என் கையால் உண்டாக்க என்னால் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது, கேட் பக்கத்தில் ஒருவர் நின்றார். நடுவயது ஆள், தோளில் பூக்கூடை. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு வீடாகப் பூ போடுகிறவராம்.

"சைக்கிள் போட்டோ போட்டவர் நீங்கதானா சார்? அந்தக் கறுப்பு வண்டி."

"ஆமா."

"போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்து, வித்துடுச்சுன்னாங்கோ. ஆனா போட்டோ இன்னும் அப்டியே கீது, அட்ரஸும் அதுலயே கீது. சரி, நேர்லயே இன்னான்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன். என் வண்டி கேரியர் ஒடஞ்சி போச்சு சார். இந்த மாரி வெயிட்டான வண்டி இப்ப எங்க கெடைக்குது?"

பிறகு சொல்கிறேன் என்றேன். என் நம்பர் அந்த அம்மாகிட்ட கீது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியைத்தான் சொன்னார். நான் படியேறினேன்.

மனைவி கால்களை ஸ்டூலில் வைத்துக்கொண்டு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மாமியார் இருந்தார். கோயிலுக்குப் போகும் வழியில் மகளைப் பார்க்க வந்திருந்தார்.

"பூக்காரர்கிட்ட கறுப்பு சைக்கிள் வித்துடுச்சுன்னு சொன்னியா?" என்றேன்.

"ஆமா."

"ஏன்?"

"அவர்கிட்ட மட்டும் இல்ல. போன் பண்ண நெறைய பேர்கிட்ட அப்படித்தான் சொன்னேன். தப்பிச்சு நேர்ல வந்தவங்களை நீ பாத்துக்கிட்ட."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுளையைப் பிரித்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"அந்த ரூம் காலியா இருக்கறதை இன்னொரு தடவை பாக்க எனக்கு தைரியம் இல்லப்பா. ரூமைக் காலி பண்ணதாலதான் அப்ப அப்படி ஆச்சுன்னு நான் சொல்லல. எனக்கும் தெரியும். தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுதா?"

"எனக்கும் போகல" என்றேன்.

"உனக்குப் போகலன்னு எனக்குத் தெரியாதா? அந்த டீச்சர்கிட்ட பிரேக் சரியில்லன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

மூன்று வருடமாக அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் வாய் திறந்ததில்லை. ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பேசினோம். அது பிறந்திருந்தால் இப்போது இந்த ஹாலில் என்னவெல்லாம் உடைத்திருக்கும் என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கறுப்பு சைக்கிளைத் துடைப்பது எதற்கு என்று நான் சொன்னேன். தெரியும் என்றாள். நான் அழுதேன். அவளுக்குச் சாத்துக்குடிக் கை, முழங்கையால் என் தோளை இடித்தாள்.

மாமியார் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ரூமைக் காலி பண்ணச் சொன்னது யாரு?" என்றார்.

"நீங்கதான் அத்தை. தங்கறதுக்கு எடம் வேணும்னு."

"எடம் வேணும்னுதான் சொன்னேன். காலியா வேணும்னு சொன்னேனா? என் சாமானை எல்லாம் நான் எங்க வைக்கறதாம், தலையிலயா? ஒரு சைக்கிள் எறங்கட்டும், என் சாமான் ஒண்ணு ஏறட்டும். ஒரு ராத்திரிகூட அந்த ரூம் சும்மா கெடக்க வேணாம். பிள்ளைக்குன்னு எதையும் கொண்டு வரலையே, எனக்குத்தானே வருது."

பிறக்காத பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்ற அந்த வழக்கத்துக்குள்ளேயே அவர் கண்டுபிடித்த வழி அது. வேதியியல் வாத்தியார் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படித்தான் செய்தோம். தி. நகர் டீச்சருக்குப் போன் செய்து, பிரேக்கைச் சரி பண்ணிவிட்டேன் என்றேன். அவர் பச்சை சைக்கிளை ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் மாமியாரின் இரும்புக் கட்டில் மினி வேனில் வந்து இறங்கியது. வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளை என்னோடு வேலை செய்கிற விளையாட்டு வாத்தியார் எடுத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு மாதா சுரூபம், கண்ணாடிப் பெட்டியோடு வந்தது. மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். கியர் சைக்கிள் போன அன்று மட்டும் மழை பிடித்துக்கொண்டது. பீரோ ஏற்றிய வண்டி வரவில்லை. சாயங்காலமாயிற்று, மூலை காலியாக இருந்தது. மனைவி ஹாலிலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்த மூலையில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பீரோ மறுநாள் வந்த பிறகுதான் நாற்காலி ஹாலுக்குத் திரும்பியது. மடக்கு சைக்கிளுக்குப் பதிலாகத் தையல் மெஷின் வந்தது. என் சாம்பல் நிற வண்டி படிக்கட்டுக்கு அடியில் போயிற்று.

கறுப்பு சைக்கிளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மாமியார் வந்து தங்கிவிட்டார், அவர் கட்டிலின் கால்மாட்டில் அது தொங்கிக்கொண்டே இருந்தது. துவைத்த துண்டை பெடலில் காயப் போட்டுக்கொண்டார். அது தொந்தரவாக இல்லையா அத்தை என்று ஒரு நாள் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் மாப்ள, நேரம் வந்தா எறங்கும்" என்றார்.

குழந்தை அந்த அடையாறு ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. பெண். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தபோது என் பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வந்தது மூச்சு. எத்தனை மாதமாக அதை அடக்கி வைத்திருந்தேனோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும், மாமியார் தன் பழைய நூல் புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு அறையில் நின்றார். இனி தூளி கட்டலாம் என்றார். நான் ஸ்டூல்மேல் ஏறி முன்சக்கரத்தைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கனமாக இருந்தது, மனைவி கீழே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். பூக்காரரின் நம்பர் அவள் போனில் இருந்தது. 'கறுப்பு சைக்கிள்' என்று சேமித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். டயரை அமுக்கிப் பார்த்தார், பெல்லை அடித்துப் பார்த்தார், பூக்கூடையைக் கேரியரில் வைத்துக் கட்டினார். மேலே பால்கனியில் மனைவி குழந்தையோடு நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மொத கொழந்தையா சார்?"

ஸ்கேன் எடுக்கிற இடத்திலிருந்து பள்ளி ஸ்டாஃப் ரூம்வரை இதைக் கேட்காதவர்கள் கிடையாது. எல்லாரிடமும் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருந்தேன்.

"ரெண்டாவது" என்றேன்.

"அப்டியா. பெர்சு இன்னா பண்ணுது, ஸ்கூல் போவுதா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. யாரும் கேட்கிற கேள்விதான். என் கை இன்னும் சீட்டின் மேல் இருந்தது.

"அது இல்லைங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. இந்த சைக்கிள் அதுக்காக வாங்கினது."

அவர் கூடையைத் திறந்து, சாமந்திச் சரத்தில் கொஞ்சம் அறுத்து, ஹேண்டில்பாரில் சுற்றி முடிச்சுப் போட்டார். புதுசாக வாங்கிய வண்டிக்கு எவரும் செய்வதுதான், ஆனால் அவர் மெதுவாகச் செய்தார். பிறகு, "பத்ரமா வச்சிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார்.

நான் மேலே வந்தபோது மனைவி பால்கனியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பூ வச்சாரே. நீ சொன்னியா?"

"சொன்னேன்."

சைக்கிள் தெருமுனையில் திரும்புகிறவரை இரண்டு பேரும் பார்த்தோம். அதற்குள் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. உள்ளே கொண்டுபோய்த் தூளியில் போட்டோம்.